கோட்டான் பாட்டுக்கு முதலிடம்

பொம்மைப் படங்களில் வந்த பாட்டுகளில் தலைசிறந்தது எது என்று போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒரு சண்டை நடந்ததல்லவா? பேரன் பேத்திகளோடு உட்கார்ந்து பார்த்த படங்களையெல்லாம் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பட்டியல் அனுப்பினீர்கள். ஒருத்தி காதல் பாட்டுதான் என்றாள். இன்னொருத்தி மிருகங்கள் கூட்டமாக ஆடும் பாட்டுக்கு ஈடே இல்லை என்றாள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "என்னடி, உனக்கு ஒண்ணுமே பிடிக்காதா?" என்று கேட்டீர்கள்.

பிடிக்காமல் என்ன. எனக்கு முதலிடம் எது என்பது நாம் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே முடிவாகிவிட்டது. அதுவும் வாய்க்கு வந்தபடி சொன்ன முடிவல்ல, பல வாரம் போட்டி வைத்து, சண்டை போட்டு, ஓட்டெடுத்து எடுத்த முடிவு. நீங்களெல்லாம் அந்தக் கோடை விடுமுறைக்கு அவரவர் அம்மா ஊருக்குப் போய்விட்டீர்கள். நான் திருப்பூரிலேயே இருந்தேன். அதனால் கதை என்னிடம் இருக்கிறது.

எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் அப்பாவின் பனியன் கம்பெனி என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளை பனியன் மட்டும். கைவைத்தது, கையில்லாதது, இரண்டே ரகம். குழந்தைகளுக்கு வேண்டுமென்றால் பெரியவர் பனியனையே சின்னதாக வெட்டித் தைப்பார்கள், கடையில் வாங்கிப் போட்டால் பையன்கள் குட்டித் தாத்தாக்களாகத் தெரிவார்கள். சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. குழந்தைகளுக்கென்றே மார்பில் பொம்மை போட்ட பனியன் போட வேண்டும், அதுவும் தனியாகச் செய்ய வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பின்பக்கத்துத் தகரக் கொட்டகையையும் கொஞ்சம் மிஷின்களையும் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தார்.

"தீவாளி நோம்பிக்குள்ள உஞ்சரக்கு நகரோணும். நகரலீன்னா பேசாம வந்து என்ற கம்பெனில உக்கோந்துக்க. அப்பறம் தனி, கினின்னு பேச்சே வரக்கூடாது."

"செரிங்கண்ணா" என்றார் சித்தப்பா.

அப்பா கெட்டவர் அல்ல. மற்றவர்களுக்கு வரும் யோசனையெல்லாம் காய்ச்சல் மாதிரி, விட்டால் தானே இறங்கிவிடும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் கம்பெனியில் உட்காருவது என்றால் என்ன என்று சித்தப்பாவுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு அருகில் ஒரு மேஜை. அப்பா சரி என்றதற்குத் தலையாட்ட வேண்டும், வேண்டாம் என்றதற்கும் தலையாட்ட வேண்டும். மறுபடியும் அந்த மேஜைக்குப் போகக்கூடாது என்பதுதான் அந்த வருடம் முழுக்க அவருக்கு இருந்த ஒரே வெறி.

என்ன பொம்மை போடுவது? அங்கேதான் சித்தப்பா தன் வழியில் போனார். அந்தக் கோடையில் நம் ஊர்த் தியேட்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக இங்கிலீஷ் பொம்மைப் படங்கள் போட ஆரம்பித்திருந்தார்கள். கோயமுத்தூரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்டுகள். திரையில் எப்போதும் கீறல் மழை பெய்துகொண்டே இருக்கும். படம் நன்றாக இருக்கிறதா என்று குழந்தையிடம் கேட்டால் எல்லாப் படமும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும், எந்தப் பாட்டு அதன் வாயை விட்டுப் போகவில்லை என்று பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது சித்தப்பாவின் கட்சி. அந்தப் பாட்டை யார் பாடுகிறதோ அதைத்தான் பனியனில் போட வேண்டும். அடுத்தவன் வரைந்த பொம்மையை நாம் போடலாமா என்றெல்லாம் அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே வாராவாரம் நான், என் தம்பி, கட்டிங் மாஸ்டரின் மகள்கள், டெய்லர்களின் பிள்ளைகள் என்று ஒரு கும்பலாகச் சித்தப்பா பின்னால் போவோம். எங்கள் துணியிலேயே பிளீச்சிங் பவுடர் வாசனை ஊறியிருக்கும். டிக்கெட் கிழிப்பவர் எங்களைப் பார்க்காமலே, "பனியன் கம்பெனி வந்தாச்சுங்களா" என்பார். உள்ளே முந்தின இரவுக் காட்சியின் பீடி நாற்றம், எச்சில் துப்பிய மூலைகள், நாற்காலியில் மூட்டைப்பூச்சி. இடைவேளையில் ஆளுக்கு ஒரு கலர் சோடா. எனக்கு எப்போதும் பச்சைதான் வேண்டும். அந்தப் பச்சை நிறம் இப்போது எந்தக் கடையிலும் இல்லை, இருந்தால் அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய்விடும்.

பாட்டின் வார்த்தை எங்களில் ஒருவருக்கும் புரியாது. ரேடியோவில் அந்தப் பாட்டுகள் வராது, இசைத்தட்டும் கிடையாது. ஒரு தடவை கேட்டதுதான். வீட்டுக்கு வரும் வழியில் அவரவர் நினைவில் இருந்ததை ஒட்டுப்போட்டுப் பாடுவோம். தைத்த பனியன்களைத் திருப்பிப் போட்டு அடுக்குவது விடுமுறையில் எங்கள் வேலை. அதைச் செய்துகொண்டே பாடுவோம். சித்தப்பா மிஷினுக்கு எண்ணெய் விடுவது போல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பார்.

முதலில் முன்னணியில் இருந்தது ரொட்டிக்கடை எலிகளின் பாட்டு. மாவு பிசைந்துகொண்டே பாடும், வேகமான பாட்டு. அதற்கு என் தம்பிதான் தலைவன். அடுத்தது ஒரு ராஜகுமாரி கிணற்றடியில் நின்று பாடியது. கட்டிங் மாஸ்டரின் பெரிய மகள் அதற்காக உயிரை விடுவாள், பாடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். தவளைகள் படகில் போகும் பாட்டு ஒன்று. அதில் 'டொய்ங்' என்ற ஒரு சத்தம் தவிர எதுவும் எங்களுக்கு நினைவில்லை, அந்தச் சத்தத்துக்காகவே அதற்கும் ஓட்டு இருந்தது.

கடைசியாக வந்தது கோட்டான் பாட்டு. ஒரு அணில்குஞ்சு மழையில் வழி தவறிவிடும். மரப்பொந்தில் இருக்கும் கிழட்டு ஆந்தை, தொப்பி போட்ட ஆந்தை, அதைத் தன் இறக்கைக்குள் வைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடும். ஒவ்வோர் அடி முடிவிலும் 'ஊ... ஊ...' என்று தாழ்ந்து இறங்கும். நம் ஊரில் கோட்டானைக் கண்டால் கல்லெடுக்கும் பிள்ளைகள் நாங்கள். அன்றைக்குத் தியேட்டரே கப்சிப். என் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு ஓட்டெடுப்பு. சித்தப்பா டெய்லர் சாக்கட்டியால் கொட்டகைத் தரையில் எலி, கிரீடம், தவளை, ஆந்தை என்று வரைந்தார். நூல் தீர்ந்த காலிக் கோன் ஆளுக்கொன்று. பிடித்த பாட்டின் மேல் கோனைக் கவிழ்க்க வேண்டும். எலியும் ராஜகுமாரியும் சமமாக நிற்க, அடிதடி வந்துவிட்டது. சித்தப்பா எல்லாரையும் உட்கார வைத்தார்.

"அவங்கவுங்க பாட்டை மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாடுங்க சாமி. நடுவுல நின்னா அந்தப் பாட்டு அவுட்டு."

எலிப் பாட்டு இரண்டாம் அடியில் சிக்கிக்கொண்டது. ராஜகுமாரி கிணற்றடியிலேயே நின்றுவிட்டாள். தவளைக்கு டொய்ங்கோடு சரி. கோட்டான் பாட்டை நான் ஆரம்பித்தேன், இரண்டாம் அடியில் என் தம்பி சேர்ந்துகொண்டான், கடைசியில் கும்பல் முழுவதும் பாடியது. கண்ணை மூடிப் பாடும் கட்டிங் மாஸ்டர் மகளும்கூட 'ஊ' போட்டாள். அவள் தன் கோனை எடுத்து ஆந்தை மேல் வைத்த பிறகு பேச்சுக்கே இடமில்லை. இதைவிட நேர்மையாக எந்தப் பாட்டையும் யாரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்று நான் இப்போதும் அடித்துச் சொல்வேன்.

ஜெயித்த உற்சாகத்தில் அன்று சாயங்காலமே வாசலில் நின்று எல்லாரும் சேர்ந்து ஊ என்று பாடினோம். அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

"வெளக்கு வெக்கற நேரத்துல கோட்டானாட்டக் கத்தறீங்களே, ஊடு வெளங்குமா? வாயை மூடிட்டுப் பொட்டாட்ட உள்ள போங்க!"

ஒரு கை கல்லுப்பை எடுத்து எங்களைச் சுற்றி அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. சித்தி தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

சித்தியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சாமளாபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். அதிகம் பேசமாட்டார். அவருக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை காமாலை வந்து தவறிப்போனது. அதற்கு முந்தின நாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தில் கோட்டான் கத்தியதை அவர் கேட்டிருக்கிறார். அதன் பிறகு அந்த மரத்தை வெட்டினால்தான் தண்ணீர் குடிப்பேன் என்று நின்று, வெட்டியும் விட்டார்கள். இப்போது தொட்டிலில் கிடந்தது இரண்டாவது பையன்.

முடிவு தெரிந்ததும் சித்தி ஒரே ஒரு தடவை கேட்டார். "ஏனுங்க, பச்சக் கொழந்தை நெஞ்சுல கோட்டானையாங்க போடுவாங்க?"

"அது கத்துனதால நம்ம பையன் போகலை அம்மிணி. காமாலை வந்து போனான்" என்றார் சித்தப்பா. சொன்னது உண்மைதான். ஆனாலும் அதை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சித்தி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஒத்துக்கொண்டார் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

அப்பா வேறு வழி சொன்னார். "மயிலைப் போட்றா. முருகன் வாகனம். எந்தப் பொம்பளை வேண்டாம்னு சொல்லுவா?"

"மயிலுக்கு அந்தப் படங்கள்ல பாட்டு இல்லீங்கண்ணா. கொழந்தைக சொன்னதை மாத்துறதுன்னா, அப்பறம் எதுக்குக் கேட்டோம்?"

அப்பா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

தியேட்டருக்குப் போர்டு எழுதுபவர்தான் ஆந்தையை வரைந்து கொடுத்தார். பெரிய கண், கோணல் தொப்பி, ஒரு பக்கம் இறக்கையை விரித்து 'வா' என்று கூப்பிடுவது போல. பெருமாநல்லூரில் ஒருவர் கையால் பிரிண்ட் அடித்துக் கொடுத்தார். முதல் பனியன் வந்தபோது மை வாசனை கொட்டகை முழுக்க நின்றது. எனக்கு மட்டும் அளவு போதவில்லை என்று வருத்தம்.

ஆடி முடிந்ததும் கடைக்காரர்களுக்கு மாதிரி போயிற்று. போன வேகத்தில் திரும்பி வந்தது. ஈரோட்டுக்காரர் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. சேலத்துக்காரர், "ஏனுங்க, உங்களுக்கும் எனக்கும் என்னுங்க பகை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம். உள்ளூர்க்காரர் ஒருவர் பாக்கெட்டை விரல்நுனியால் ஓரம் தள்ளிவிட்டுக் காபி குடித்தார். கொட்டகையில் ஆந்தைகள் கட்டுக்கட்டாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. சித்தப்பாவுக்கு மீசையோரம் நரைத்தது அந்த மாதம்தான். மிச்சமிருந்தது மதுரை மொத்த வியாபாரி ஒருவர்தான். அவர் எடுத்தால் தெற்கே பத்து ஊருக்குப் போகும். எடுக்காவிட்டால் வாசல் மேஜை.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெற்றிலைச் சிவப்பு வாய், வெள்ளை வேட்டி, கலகலப்பான மனிதர். சித்தப்பா என்னையும் தம்பியையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"பாடுங்க கண்ணு."

பாடினோம். புரியாத வார்த்தைக்குப் பதில் நாங்களே போட்டுக்கொண்ட வார்த்தைகளோடு, ஊ என்று இறங்கும் இடத்தில் கையை இறக்கை மாதிரி விரித்துக் காட்டிப் பாடினோம். வியாபாரி தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும் என் தலையைத் தட்டினார்.

"பாட்டு சோக்கா இருக்குண்ணே. பொம்மையும் அம்சமாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊர்ப் பொம்பளைக எங்கிட்ட ஒண்ணு கேப்பாக. இதைத் தச்சவன் தன் பிள்ளைக்குப் போடுவானாம்பாக. நீங்க ஒங்க வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுக் காமிங்க, நான் எடுத்துக்கிறேன்."

சித்தி காபி கொண்டுவந்து நின்றிருந்தார். டம்ளர்களை மேஜைமேல் வைத்தார். அங்கே கிடந்த மாதிரிப் பனியனை எடுத்தார், உள்ளே போனார், குழந்தையைத் தூக்கி வந்தார். எங்கள் எல்லார் முன்னாலும் மடியில் உட்கார வைத்து, தலைவழியாகப் பனியனை மாட்டினார். கழுத்து கொஞ்சம் இறுக்கம், குழந்தை சிணுங்கியது. ஒரு கையை நுழைத்தார், இன்னொரு கையை நுழைத்தார். மார்பில் ஆந்தை நேராக வரும்படி கீழே இழுத்து விட்டார். இழுத்துவிட்ட அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது. முருகா என்றிருப்பார். ஆனால் நிமிர்ந்து வியாபாரியை நேராகப் பார்த்தார்.

வியாபாரி எழுந்தே விட்டார். "போதும்மா. பெத்த தாயே போட்டு விட்டாச்சு, இனி நான் என்ன பேச? அண்ணே, இருக்கிறதை எல்லாம் அனுப்பி வைங்க. வித்துத் தாரது என் பாடு."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. தம்பி குதித்தேவிட்டான். சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் வியாபாரியைப் பார்க்கவில்லை. சித்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து வந்தார், குழந்தையை வாங்கினார், பனியனைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கோங்க. இது வேண்டாமுங்க."

"என்னண்ணே, நான்தான் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேனே!"

"சொன்னீங்க. இது போற ஊட்டுல எல்லாம் ஒரு தாயிக்கு இப்புடிக் கை நடுங்கோணுமுங்களா? ஆகாதுங்க. நீங்க போயிட்டு வாங்க."

வியாபாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் சித்தி எனக்கும் தம்பிக்கும் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார். தான் செய்தது சித்திக்காகத்தான் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சித்தி நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். நானும் எதிர்பார்த்தேன்.

சித்தி தோசையைத் திருப்பினார்.

"நடுங்குனது என்ற கைங்க. நடுங்கிக்கிட்டே போட்டுட்டனல்லங்க?"

"அம்மிணி, உனக்குப் பயம்னு தெரிஞ்சும்..."

"பயந்தான். உங்குளுக்கோசரம் அந்தப் பயத்தைத் தாண்டி வந்தனுங்க. நீங்க என்னை மறுபடியும் பயத்துக்கு அக்கட்டாலயே கொண்டுபோய் விட்டுட்டீங்க." குரல் உயரவே இல்லை. "ஊருல இருக்கற அத்தன கொழந்தைககிட்டயும் எது புடிக்குதுன்னு கேட்டீங்க. பனியன்ல கோட்டானைப் போடறப்பவும் எங்கிட்டக் கேக்கலை, கழட்டறப்பவும் கேக்கலீங்களே."

தோசை கருகும் வாசனை வந்தது. சித்தப்பா எங்கள் தட்டுகளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், வெளியே போய்விட்டார்.

அவர் பொல்லாதவர் அல்ல. அவர் சொன்ன காரணத்தில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. இந்த வயதில் திருப்பித் திருப்பி யோசித்தாலும் எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயமாகவே தெரிகிறது, ஆனால் நான் சித்தி பக்கம்தான்.

தீபாவளிக்கு வெகுநாள் முன்பே சித்தப்பா அப்பாவின் கம்பெனிக்குத் திரும்பினார். "ஆகலீங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். மதுரைக்காரர் சரி சொன்னதைச் சொல்லவில்லை, சித்தியும் சொல்லவில்லை, நாங்களும்தான். கோட்டானை நம்பிக் கெட்டான் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உறம்பரை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் அது ஒரு வேடிக்கைக் கதையாகவே சுற்றி வந்தது.

கட்டுகளை அப்பா வேஸ்ட் துணிக்காரரிடம் போடச் சொன்னார். அவர் வருவதற்கு முன்பு சித்தி கொட்டகைக்குப் போய், சின்ன அளவிலிருந்து பெரிய அளவு வரை ஒரு அடுக்கு எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து பையனுக்குத் தினமும் அதுதான். காலையில் சித்தப்பா வாசல் மேஜைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, அவர் தாண்டிப் போகும் இடத்தில் உட்கார்ந்து மாட்டி விடுவார். விற்காத சரக்கைப் பிள்ளைக்குப் போட்டுக் கழிக்கிறார்கள், பாவம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் நடந்தான், பேசினான், பள்ளிக்கூடம் போனான், அளவு மாறிக்கொண்டே வந்தது. மார்பில் ஆந்தையை இழுத்து நேராக்கும்போது சித்தியின் கையைக் கவனித்துப் பார்ப்பேன். நடுங்கவே இல்லை.